பெரியப்பா விட்டுப்போன கைத்துப்பாக்கி

ரிங்லெட்,
5.11.1979

அன்பு மகள் சீதாவுக்கு அம்மா பவளம் எழுதுவது. தாயே, நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீ அந்த லெஸ்டர் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும். தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு டின் வந்து சேர்ந்ததா, நொறுங்கியிருந்தாலும் கொட்டிவிடாதே, கரண்டியால் அள்ளியாவது தின்னு. இங்கே மழை விட்டபாடில்லை. தாப்பா ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோய், காய்கறி லாரிகளில் கோஸெல்லாம் அழுகிவிட்டது, முந்தாநாள்தான் ரோட்டைத் திறந்தார்கள். இந்த வழுக்கலிலும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறோம், முனியாண்டி கங்காணி வழக்கம்போலக் கத்திக்கொண்டிருக்கிறார், அட்டை கடித்த இடத்தைச் சொரிந்து சொரிந்து என் கால் புண்ணாகிக் கிடக்கிறது. இதை எழுத உட்கார்ந்தவள் அடுப்பைப் பார்க்க ஒரு தரம், கோழியை அடைக்க ஒரு தரம், ஒன்றும் இல்லாமலே ஒரு தரம் எழுந்து போய்விட்டேன். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை, அப்படி இருக்கிறது எனக்கு.

எல்லாம் ஆடி மாதம் நீ தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் போட்ட நாளிலிருந்து வந்த வினை. அப்பா பாக்டரியில் இருந்ததால் நான்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். நர்ஸ் படிப்பு முடிகிற செய்தி சொல்லப் போகிறாய், என்றைக்குப் பிளேன் என்று சொல்லப் போகிறாய் என்று மூச்சு வாங்க நின்றவளிடம் நீ என்ன சொன்னாய்? ஆஸ்பத்திரில வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்கம்மா, நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன், அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா என்றாய், சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கணக்கு எழுதிக்கொண்டிருந்த இராமையா கிராணி என் முகத்தைப் பார்த்து, என்னம்மா ஏதும் கெட்ட சேதியா என்று கேட்டார். இல்லீங்க, மகளுக்கு வேலை கெடச்சிருக்காம் என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். பக்குவமாகச் சொல்வதாம், பக்குவமாக! பாகு காய்ச்சுகிற வேலையா இது? வீட்டுக்கு வந்தால் உங்கப்பா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். எதற்கு? உன் துப்பாக்கியைத் துடைக்க. அதைப் பார்த்த பிறகு எனக்கு எங்கே வாய் வரும்.

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். திரிங்காப்பில் காய்கறி வியாபாரம் பார்த்த உன் நல்லுசாமி பெரியப்பா பிள்ளையில்லாத மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் உன்னைக் கூட்டிக்கொண்டு ஈப்போ கிளப்புக்குக் குறி சுடப் போவாரே, நீ கப்பு வாங்கி வந்த அன்றைக்குக் கடைத்தெருவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரே, அவர் கண்ணை மூடுவதற்கு முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, அந்தத் துப்பாக்கி சீதாவுக்குத்தான்டா, வேற யார் கைக்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அதைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது, ஸ்டேஷனில் கிடந்து ஈரத்தில் துருவேறிவிட்டது, அப்பா அலையாய் அலைந்து தன் பேருக்கு லைசென்ஸ் மாற்றி எடுத்து வந்தார். அப்போதே அங்கிருந்த அதிகாரி கேட்டாராம், சுடத் தெரியாத ஆளுக்கு எதுக்குத் துப்பாக்கி என்று. என் மகள் படிப்பு முடிஞ்சு டிசம்பர்ல வந்துடும், அதுதான் சுடும், அது பேருக்கு மாத்திக்குவோம் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சரி, டிசம்பர் வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு ஒன்று மகள் சுட வேண்டும், இல்லை நீ கிளப்புக்குப் போய்ச் சுட வேண்டும், இரண்டும் இல்லையென்றால் கொண்டுவந்து ஒப்படைத்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கிக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, நான் உன்னைப் பெற்றுக் கிடந்தபோதுகூட எனக்கு அப்படி நடக்கவில்லை. சுவரில் போல்ட் வைத்து முடுக்கிய இரும்புப் பெட்டி, சாவி அவர் அரைஞாண் கயிற்றில். இந்த மலை ஈரம் பிடிக்கக் கூடாதென்று பாக்டரியில் சூடாக இறங்குகிற தேயிலைத் தூளைத் துணியில் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் போடுவார், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், வாரம் ஒரு பொட்டலம் மாற்றுவார். துருவையெல்லாம் எண்ணெய் ஊற வைத்து ஊற வைத்தே எடுத்தார், குழாய்க்குள் துணியை விட்டு இழுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். இதெல்லாம் சரி. இதோடு விட்டிருக்கலாம். பாக்டரியில் இலை போடுவதற்கு முன்னால் ரோலரை வெறுமனே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, எந்த மெஷினையும் சும்மா போட்டால் இறுகிப்போகும் என்பார் இல்லையா, அந்த மெஷின் பிட்டர் புத்தியை இங்கேயும் காட்டினார். தினம் சாயங்காலம் தோட்டா இல்லாமல் விசையை இழுத்து டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருப்பார். ஸ்பிரிங் சீதா வர்ற வரைக்கும் உயிரோட இருக்கணும்லா என்பார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சுக்குள் குத்தும். சொல்லிவிடு பவளம், சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும், நான் போய் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நிற்பேன்.

புரட்டாசியில், நீ வருவதற்கு முன்னால் ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளப்புக்கு எடுத்துப் போனார். பெரியப்பாவின் கூட்டாளி பக்கிரிசாமி அண்ணன் வாங்கிச் சுட்டிருக்கிறார். டிக் என்கிறது, வெடிக்கவில்லை. மறுபடி டிக். ஒன்று வெடித்தால் இரண்டு வெடிக்கவில்லை, வெடித்த தோட்டாவின் கூடும் வெளியே வராமல் உள்ளேயே பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையில் மனுஷன் கூனிக் குறுகிப்போய் வந்தார், சோற்றைத் தொடவில்லை. தோட்டாதான் நமத்துப்போச்சு என்று கொஞ்ச நேரம், ஸ்பிரிங் போச்சு என்று கொஞ்ச நேரம், கடைசியில் பாக்டரிக்குக் கொண்டுபோய் லேத்தில் போட்டு நானே சரி பண்ணிடறேன் என்று கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு கத்தினேன். ரோடெல்லாம் பட்டாளம் நின்று சோதிக்கிற காலம், துப்பாக்கி விஷயத்தில் ஒரு காகிதம் பிசகினால் தூக்குதான், லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரனைத் தவிர வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்று பக்கிரிசாமி அண்ணன் சொன்னதை மறந்துட்டீங்களா, என்னைத் தாலியறுக்கப் பாக்குறீங்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு வேலாயி ஓடி வந்து கோழித் திருடனாக்கும் என்று விளக்குமாற்றோடு நின்றாள். ஒருவழியாக அடங்கி உட்கார்ந்தார்.

பிறகு அண்ணனே அவரை ஈப்போவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற சீனரிடம் கூட்டிப் போனார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, தோட்டா இல்லாம அடிச்சியா என்பதுதான். இவர் அந்தக் கடை முதலாளியிடம் பெருமையாக, தினம் அடிக்கிறேன் தவுக்கே என்றாராம். சீனர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இந்த மாதிரித் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில் இருக்கிறதாம், அதனால் விசையை இழுத்தால் உள்ளே பாய்கிற ஊசி விளிம்பைத்தான் போய் அடிக்கும், தோட்டா இல்லையென்றால் அது நேரே துப்பாக்கியின் இரும்பையே கொத்துமாம். கொத்திக் கொத்தித் தோட்டா நுழைகிற குழாய் வாயில் பள்ளம் விழுந்து, ஊசி முனையும் மழுங்கிவிட்டதாம். உனக்கு இது தெரிந்துதான் இருக்கும், நீ இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாய். சீனர் கூர்மையான எஃகுக் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பள்ளத்தை நெம்பிச் சமன் செய்து, ஊசியையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் பிரித்துப் போடுகிறவர் அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம், பக்கிரிசாமி அண்ணன் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

ரிப்பேர் ஆகி வந்த மறுநாள் காலையில் அவருக்கு ஒரே குஷி. பெட்டிக்குப் புது பெயின்ட், உன் அறைக்குச் சுண்ணாம்பு, கிராணியிடம் போய் டிசம்பரில் என்றைக்குப் பிளேன் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்து, குழாயைத் துடைத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் சீதா பேருக்கு மனு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்றார். இனிமேல் விட்டால் இவர் போலீசிடம் பொய் சொன்ன ஆளாகிவிடுவார், கிளப்பில் தலைகாட்ட முடியாது என்று தோன்றிவிட்டது. உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவ வரலீங்க, அங்கயே இருக்கப் போறாளாம் என்று சொல்லிவிட்டேன். பக்குவமும் இல்லை ஒன்றும் இல்லை, போட்டு உடைத்தேன். அவர் துணியை முழுசாக இழுத்து எடுத்தார். எப்ப சொன்னா என்று கேட்டார். ஆடியில என்றேன். இத்தனை நாளா தெரிஞ்சுதான் நான் டிக் டிக்னு அடிச்சதப் பாத்துக்கிட்டு இருந்தியா என்று ஒரு கேள்வி கேட்டார் பார். துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவர் அந்த வாரம் பூராவும் என்னோடு பேசவில்லை, ஸ்டேஷனுக்கும் போகவில்லை. ஒப்படைத்துவிடுவாரோ, கோபத்தில் எங்கேயாவது வீசிவிடுவாரோ என்று நான் சாவியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பார்த்தால் ஆளையும் காணோம், பெட்டியும் காலி. எனக்கு உயிரே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் காய்கறி லாரியில் வந்து இறங்கினார், தோளெல்லாம் வலிக்குது, எண்ணெய் சூடு பண்ணு என்றார். கிளப்புக்குப் போய் இவரே சுட்டிருக்கிறார், சீதா! ஒரு தோட்டாகூடப் பிசகாமல் வெடித்ததாம், ஆனால் குறி வைத்த பேப்பரில் பட்டது ஒன்றிரண்டுதானாம், பக்கத்து ஆளின் பேப்பரில் ஒன்று பட்டதாம். மாசாமாசம் போவேன், என் பேர்லயே இருக்கட்டும், எங்க அண்ணன் சொன்ன சொல் போகாது, அவ என்னைக்கு வந்தாலும் இது வேலை செய்யும் என்றார். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். அப்போதுதான் கேட்டார். வர்றதும் வராததும் அவ இஷ்டம்லா, அங்கயே நல்லா பொழச்சுக்கட்டும், எம்புள்ள சம்பாரிச்சு நிக்கிறா, எனக்கு அதுல குறையில்ல. ஆனா என்கிட்ட சொல்ல ஏன் பயந்தா? நான் என்னைக்காச்சும் அவமேல கை நீட்டியிருக்கேனா பவளம்? கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்த முகம் வாடிவிடுமே என்றுதான் நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதைச் சொன்னால் அவருக்கு விளங்குமா? நீ ஏன் பயந்தாய் என்று எனக்கே தெரியாது. ஆகவே இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், இனி உங்கள் இருவருக்கும் நடுவில் தூது போகவும் மாட்டேன்.

தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு படுக்காதே, இரவு டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. நல்லபடியாக இரு தாயே, நூறு வயசு வரைக்கும் நோய்நொடி இல்லாமல் இரு, எந்த ஊரில் இருந்தாலும் என் வயிற்றில் பிறந்தவள் தலைநிமிர்ந்து நடக்கட்டும். இது கிடைத்த அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுது, நன்றாகத் திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, மறைக்காமல் எழுது. ஒன்றே ஒன்று, எப்போதும் எழுதுவதுபோல உறையின்மேல் என் பெயரை எழுதாதே. கருப்பையா, பிட்டர் என்று எழுது, தபால் வந்தால் பாக்டரிக்கே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கும்படி நான் கிராணியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பவளம்