சுவரைத் தாண்டி வந்த பதில்

ஜூலை 14, செவ்வாய்

நாளை காலை கட்டுரையைக் கொடுக்காவிட்டால் அறிவியல் கண்காட்சியில் எனக்கு இடமில்லை. அப்பாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து மடிக்கணினியிலிருந்து அச்சுக்கு அனுப்பினேன். எங்கள் பிரிண்டர் அசையவே இல்லை.

சற்று நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து பெரியப்பா தாள்களோடு வந்தார். அப்பாவும் அவரும் கடையைப் பிரித்துச் சுவர் வைத்ததிலிருந்து அவர் எங்கள் படி ஏறியதில்லை. வைஃபை மட்டும் இன்னும் பொதுவாக இருக்கிறது.

"என்ன ஆத்தா, ஒன் கட்டுரை எங்க கடையில வந்து விழுகுது? பாகம் பிரிச்சது அதுக்குத் தெரியாதோ?"

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காருண்ணே, டீ சொல்றேன்" என்றார்.

பிறகு இணையத்தில் தேடிப் படித்தேன். அச்சடிக்க யார் இருக்கிறீர்கள் என்று கணினி எல்லோரையும் கேட்குமாம். போடிமெட்டு மலைக்கு ஆளேற்றும் ஜீப்புக்காரர்கள் ஊர்ப்பெயரைக் கூவுவதுபோலப் பிரிண்டர்கள் தங்கள் பெயரைச் சொல்லுமாம். இரண்டு கடையிலும் ஒரே வகைப் பிரிண்டர், ஒரே பெயர். பின்னால் வந்த எங்களுடையது, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டறிந்து, யாரும் சொல்லாமலே தன் பெயரோடு 2 சேர்த்துக்கொண்டிருக்கிறது. நான் கவனிக்காமல், திரையில் வந்த பட்டியலில் 2 இல்லாததை, அதாவது பெரியப்பா கடையினுடையதைத் தொட்டுவிட்டேன்.

இத்தனை நாளும் சுவருக்கு இருபுறமும் இந்தப் பிரிண்டர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன!

அட்டைப் பக்கத்தை நாளை காலை அச்சிட வேண்டும். இந்த முறை தெரிந்தே 2 இல்லாததைத்தான் தொடப்போகிறேன்.