மண் மிதியா மருமகளைக் கடலுக்கு அழைத்த ஓலை

நலம் விளைக. பருவம் தவறாது மழை பொழிக. துறைகள்தோறும் கலம் நிறைக.

குன்று ஏழினைக் காவலாகக் கொண்ட தழைவேலி நாட்டுக்கு உரியோனும், வெள்ளம் மூன்றைத் தடுத்த நெடுங்கரை எழுப்பியோனும், யானைப்போரில் மும்முறை வென்றதோடு ஒருமுறை தோற்றதையும் மறையாது கல்லில் வெட்டுவித்தோனும் ஆகிய மருதவேள், முத்துக் குளிக்கும் துறை பதினெட்டும் உடைய நெடுந்துறை நாட்டின் மணிமுடியும், சொன்ன சொல் பிறழாதவர் என்று பகைவரும் ஒப்பும் பெருமானும், எம் மகள் இன்மொழி நங்கையைத் தம் மைந்தர்க்குக் கொண்டதனால் எமக்குச் சம்பந்தியாரும் ஆகிய பேரெழினியார் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும் குடிகளும் குறைவின்றி வாழ்க. தங்கள் பட்டத்தரசியார்க்கு மூட்டுவலி தணிந்தது என்று கேட்டு எம் தேவி பெரிதும் மகிழ்ந்தாள். மேலும் தணியட்டும் என்று ஒரு குடம் தைலம் இவ்வோலையோடு வருகிறது.

இனிச் செய்தி. செய்தியை முறைப்படி மெல்ல விரித்து, இறுதியில்தான் கருத்தை வைக்க வேண்டும் என்று எம் தலைமை அமைச்சர் ஐயாறனார் அருகில் அமர்ந்து கையால் சைகை காட்டிக்கொண்டிருக்கிறார். எமக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சம்பந்தியாரே, வழி கிடைத்துவிட்டது. தாங்களும் மீறாமல், யாமும் மீறாமல், நங்கையை யாம் காண ஒரு வழி கிடைத்துவிட்டது.

தங்கள் குலத்து வழக்கம் யாம் அறியாததன்று. தங்கள் முப்பாட்டனாரின் இளைய தேவி திருவிழாவுக்கென்று பிறந்தகம் போனவள் திரும்பி வராமலே இருந்துவிட்டாள் என்றும், அன்றுமுதல் அக்குலத்தில் புகும் மருமகள் ஏழாண்டு பிறந்தகத்து மண்ணை மிதிக்கலாகாது, பிறந்தகத்தாரும் அவள் புகுந்த மண்ணை மிதிக்கலாகாது என்று விதித்தனர் என்றும் திருமண நாளில் தாங்களே எமக்கு விளக்கினீர்கள். யாமும் தீ முன் நின்று உறுதி சொன்னோம். சொன்னது சொன்னதுதான். நான்காண்டு கழிந்தது, மூன்றாண்டு எஞ்சியிருக்கிறது. இடையில், ஒரே ஒரு நாள் விலக்குத் தரலாகாதா என்று யாம் விடுத்த மூன்று ஓலைகளுக்கும், வழக்கம் வழக்கமே என்று தாங்கள் இரண்டே சொல்லில் விடை தந்தீர்கள். அந்த மூன்று விடைகளையும் தேவி பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். திறந்து வைத்தால் யாம் எடுத்துப் படித்துப் படித்துச் சினம் கொள்கிறோமாம்.

ஆறு திங்களுக்கு முன் எம் அவையில் வாய்க்கால் வழக்கு ஒன்று நடந்தது. மேலூராரும் கீழூராரும் மடையை யார் திறப்பது என்று மூன்று நாளாக வாதாடிக்கொண்டிருந்தனர். ஏதோ ஒன்றை ஒப்புநோக்கப் பழைய உறுதியோலைக் கட்டை அவிழ்த்த ஐயாறனார், நடுவே எம் காதருகே குனிந்து, நங்கையாரின் திருமண உறுதியோலையில் மண் என்ற சொல் ஏழிடத்தில் வருகிறது, நீரைப் பற்றி ஓரிடத்திலும் பேச்சில்லை என்றார். அவ்வளவுதான், யாம் அரியணையிலிருந்து எழுந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். தம்மைத்தான் அரசர் எள்ளினார் என்று மேலூரார் கண்கலங்கினர். அவர்களைத் தேற்ற மடை திறக்கும் உரிமையை அவர்களுக்கே கொடுத்தோம். உடனே கீழூரார் கண்கலங்கினர். அந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

நம் இரு நாட்டுக்கும் மேற்கே, ஒன்பது நாடுகள் சூழக் கிடக்கும் உள்கடல் எவர்க்கும் உரியதன்று என்பது தாங்களும் ஒப்பியதே. அக்கடலில் இரு குடும்பமும் ஒரே கலத்தில் ஏறிப் பன்னிரண்டு நாள் உலாப் போவது. மாலைக்கு ஒரு கொண்டாட்டம், கரைக்கு ஒரு காட்சி. இறங்கும் கரை ஒவ்வொன்றும் தங்கள் மண்ணும் ஆகாது, எங்கள் மண்ணும் ஆகாது. இதுவே திட்டம். இதை நினைத்தபின் யாம் ஒழுங்காக உறங்கவில்லை, உண்ணவில்லை என்று சொல்ல ஆசை. உண்மையில் இருமடங்கு உண்கிறோம்.

எமக்குக் கடல் ஆகாது என்பது தங்களுக்குத் தெரியாது. ஆற்றில் பரிசல் ஏறினாலே வயிறு புரளும். ஆகவே மருத்துவர் சொற்படி நாற்பது நாளாக ஊஞ்சலில் அமர்ந்தே அரசாள்கிறோம். இரண்டு காவலர் ஆட்ட, யாம் சுக்கும் எலுமிச்சையும் சுவைத்தபடி முறையீடு கேட்கிறோம். முறையிட வருவோரும் எம்மோடு முன்னும் பின்னும் நடந்தே பேச வேண்டியிருக்கிறது. இப்போது வயிறு புரள்வதில்லை. தரையில் நின்றால்தான் சற்றுத் தள்ளாடுகிறது.

கலம் புதிதாகச் சமைத்தது. எம் மீகாமன் சேந்தன், முப்பதாண்டு கடலில் கலம் செலுத்தியவன், தானே நின்று கட்டுவித்தான். எல்லாம் முடிந்து, தேவி மேல்தளத்தில் முல்லைத் தொட்டிகள் வரிசையாக வைத்து, துளசி மாடமும் எழுப்பி, யாம் மகிழ்ந்து இவ்வோலையைத் தொடங்க இருந்தபோது ஐயாறனார் முகம் வெளுத்துப்போய் வந்தார். தொட்டியில் இருப்பது எந்த நாட்டு மண் என்று கேட்டார். எம் நாட்டு மண். துளசி மாடம், எம் நாட்டு மண். அடுப்பு, எம் நாட்டுக் களிமண். இவற்றை இறக்கிவிடலாம் என்று நாங்கள் தேறியபோது சேந்தன் தலையைச் சொறிந்தான். கலம் சாயாதிருக்க அடித்தட்டில் பாரம் இட்டிருப்பது எம் ஆற்று மணல், நாற்பது வண்டி என்றான். தழைவேலி நாட்டின் ஒரு பகுதியையே யாம் மிதக்க விட்டிருக்கிறோம். அதில் நங்கை கால் வைத்தால் உறுதி முறிந்தது. மணலைக் கொட்டிவிட்டு அப்படியே போவோம் என்றதற்கு அவன் சொன்ன விடையை அவன் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்: அடியில பாரம் இல்லாட்டி கப்பல் குப்புறக் கவுந்துடும் சாமி, அப்புறம் நீங்க ஊஞ்சல் ஆடினதெல்லாம் வீணாப் போயிடும்.

மூன்று நாள் அவை கூடியது. முடிவில், எவரும் ஆளாத, கடற்காகங்களே குடிகளாக வாழும் உப்புப்பாறைத் தீவுக்குக் கலத்தைக் கொண்டுபோய், எம் மணலைப் படகுகளில் இறக்கித் திருப்பியனுப்பிவிட்டு, அத்தீவின் கல்லை ஏற்றினோம். யாமும் இரண்டு கூடை சுமந்தோம். இரண்டாவது கூடை அரைக்கூடை என்று சேந்தன் சொல்வான், நம்ப வேண்டாம். சுட்ட பானை மண்ணாகுமா ஆகாதா என்று புலவரிடையே பூசல் எழுந்தது. பூசலே வேண்டாம் என்று வெண்கலப் பாத்திரத்துக்கு மாறினோம். வெண்கலத்தில் மீன்குழம்பு சப்பென்று இருக்கும் என்று தேவிக்கு வருத்தம். கலத்தில் ஏறுவோர் அனைவரும், யாம் உட்பட, காலைக் கழுவி நகக்கண் காட்டியே ஏற வேண்டும் என்று ஆணை.

கரைகளைச் சொல்கிறோம். முதலில் யவனரின் பளிங்குத்துறை. மலையை வெண்ணெய் வெட்டுவதுபோல வெட்டி எடுக்கிறார்களாம். அடுத்தது புகைமலைத் தீவு. உச்சியில் புகை கிளம்பும் மலைமேல் கழுதையில் ஏறிப்போய்ப் பார்க்கலாம். எம் உடலுக்கு ஒரு கழுதை போதாது என்று முன்கூட்டியே இரண்டுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. மூன்றாவது அத்தித்துறை. அங்கே அத்திப்பழம் தேன் சொட்டும் என்பதனால் நங்கைக்காகவே சேர்த்தோம். பிறகு பார்த்தால் அத்துறையில் எம் பாட்டனார் வாங்கிய பண்டசாலை ஒன்று இருக்கிறது. கையகல நிலமானாலும் எம் நிலம். ஆகவே அங்கே நங்கை இறங்க மாட்டாள். மற்றவர் இறங்கிப் பார்க்கட்டும். யாம் அவளோடு கலத்திலேயே இருப்போம். பழம் கூடையில் வரும், கழுவியபின்.

மாலைகளில் முதலாவது வெண்ணாடை மாலை. யவனர் போல அனைவரும் வெள்ளை உடுத்து மேல்தளத்தில் அமர்ந்து திராட்சைச் சாறு பருகுவது. வெள்ளை உடுத்தால் யாம் தயிர்ப்பானை போல இருப்போம் என்கிறாள் தேவி; இருந்துவிட்டுப் போகிறோம். மற்றொன்று அரசர் சமைக்கும் மாலை. யாம் புளிக்கறி ஆக்குவோம். தாங்கள் வெந்நீர் வைத்தாலும் குறை சொல்ல மாட்டோம். யாழ் மாலை ஒன்று உண்டு, தங்கள் மைந்தர் நன்றாக வாசிப்பார் என்று கேள்வி.

மாற்றுவேட மாலையைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது என்று இருந்தேன், அடக்க முடியவில்லை. ஒருவர் மற்றொருவராக வர வேண்டும். ஐயாறனார் துடுப்பு வலிப்பவராக வருகிறார். நான் தங்களாக வருகிறேன். மீசை தயார். பனைநாரில் செய்து கருமை ஏற்றி, தங்கள் மீசையின் இடப்புறம் சற்றே மேலேறி நிற்குமே, அதையும் விடாமல் கூத்துக்காரன் அமைத்திருக்கிறான். அதை ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வழக்கம் வழக்கமே என்று சொல்லிப் பார்த்தேன். தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சினவாதீர்கள். தாங்கள் நானாக வந்து பழி தீர்த்துக்கொள்ளலாம். வயிற்றில் ஒரு தலையணை கட்டினால் போதும். யாம் என்று தொடங்கிய ஓலை நான் என்று போகிறதே என்று எழுதுவோன் நிமிர்ந்து பார்க்கிறான். போகட்டும், திருத்தாதே என்றேன்.

பன்னிரண்டு மாலையில் ஏழாம் மாலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதன் காரணத்தைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

நங்கை முதல் ஆண்டு எழுதிய ஓலைகள் கட்டுக் கட்டாக வரும். தங்கள் அரண்மனைச் சமையலில் மிளகு மிகுதி என்பாள். கணவரோடு பூசலிட்டேன், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வந்து கிளி ஒன்று கொடுத்தார், அந்தக் கிளி கடிக்கிறது என்பாள். எழுத்து கோணலாக இருக்கும். பாதியில் வேறொன்றுக்குத் தாவுவாள். அப்பா, அப்பா என்று வரிக்கு வரி அழைப்பாள். சென்ற ஆவணியில் வந்தது ஒற்றை ஓலை. மாட்சிமை பொருந்திய தழைவேலி மன்னர் திருமுன்பு, நலம், நலம் அறிய அவா, என்று தொடங்கி அப்படியே முடிந்திருந்தது. ஒரு பிழை இல்லை, ஒரு கோணல் இல்லை. தாங்கள் அவளை நல்ல அரசியாகப் பழக்கியிருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் படித்தபோது அச்சமாக இருந்தது. ஏழாண்டு முடிந்து அவள் வருவாள், முறைப்படி வணங்குவாள், முறைப்படி விடைபெறுவாள். விருந்தினளாக வருவாள். அதை என்னால் தாங்க முடியாது, சம்பந்தியாரே. தேவி இதைச் சொல்வதில்லை, ஆனால் அவளும் அந்த ஒற்றை ஓலையை இரண்டாவது முறை எடுத்துப் படிக்கவில்லை.

ஆகவே ஏழாம் மாலையில் பாட்டு இல்லை, வேடம் இல்லை. அவள் எதையாவது பேசட்டும். மிளகைப் பற்றிப் பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்போம்.

தங்கள் மனத்தில் இருக்கும் ஐயமும் எனக்குத் தெரியும். அந்த இளைய தேவி திரும்பவில்லை. இவளும் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்பதுதானே? கலம் எம்முடையது, சுக்கான் தங்களுடையதாக இருக்கட்டும். தங்கள் மாலுமி ஒருவரை அனுப்புங்கள். திசையை அவரே பிடிக்கட்டும். சேந்தனிடம் இதைச் சொன்னபோது ஒரு பகல் முழுதும் அவன் சுக்கானையே துடைத்துக்கொண்டிருந்தான். மாலையில் வந்து, பிள்ளைய பார்க்கணும்னா சரி என்று மட்டும் சொல்லிப் போனான். பன்னிரண்டாம் நாள் நங்கையைத் தங்கள் துறைக்கு எதிரே, தங்கள் படகிலேயே இறக்கிவிடுவோம். நான் அழுவேன், அதற்காக மனம் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தாங்களும் பட்டத்தரசியாரும் அவளோடு கட்டாயம் வர வேண்டும். தாங்கள் இல்லாமல் மீசையை ஒட்டி என்ன பயன்?

ஓலை ஆணையோடு முடிவதே மரபு. தங்களுக்கு ஆணையிட எனக்கு உரிமை இல்லை, வேண்டுகோளைச் சொல்லிவிட்டேன். ஆணை மீகாமன் சேந்தனுக்கு. அதன் படி ஒன்று இங்கு தங்கள் பார்வைக்கு எழுதப்படுகிறது.

சேந்தன் அறிக. தை முழுநிலவுக்கு மறுநாள் காலை, நெடுந்துறையிலிருந்து விடை வந்தாலும் வராவிட்டாலும் கலம் புறப்படும். நேரே பளிங்குத்துறைக்குப் போகாதே. நெடுந்துறைக் கோட்டை மதிலில் நிற்போர் முகம் தெரியும் தொலைவுக்குப் போய், கரையைத் தொடாமல் நில். நங்கூரம் இட்டால் அது அடியில் அவர்கள் மண்ணைத் தொடும் என்று ஐயாறனார் இப்போதுதான் சொன்னார். ஆகவே நங்கூரம் இடாதே, துடுப்பு வலித்தே கலத்தை நிறுத்திவை. நாற்பது பேர் முறைவைத்து வலிக்கட்டும். கை ஓய்ந்தால் என்னைக் கூப்பிடு, நான் வந்து வலிக்கிறேன். போய் நின்றவுடன் கரைப்பக்கம் நூலேணியை இறக்கு. நெடுந்துறை மன்னர் போ என்றாலும், பொழுது சாய்ந்தாலும், எத்தனை நாள் ஆனாலும், அவள் ஏறி வரும்வரை ஏணியை மேலே எடுக்காதே.

இது மருதவேள் ஆணை. ஏழ்குன்று இலச்சினை இடப்பட்டது.