பாட்டில் கழுவியவர்கள்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம், என் முழங்கால் மட்டும் அதில் சேராது. உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் விவரமாக எழுது, போனில் நீ சொல்வதில் பாதி காற்றோடு போய்விடுகிறது.

நான் வேலை பார்த்த பால் கம்பெனியில் போன வாரம் ஐம்பதாவது ஆண்டு விழா. பால் அட்டைப்பெட்டி வந்த கதையைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் மேனேஜர், அங்கே பெட்டியில் பால் அடைக்கும் மெஷினை முதலில் ஓட்டியவன் நான்தானே. உட்கார்ந்து எழுதினேன். முதலில் கண்ணாடி பாட்டில், பிறகு மெழுகில் தோய்த்த அட்டை, மெழுகுத் துணுக்கு பாலில் மிதக்கிறது என்று வீட்டுக்கு வீடு திட்டு, அதன்பிறகு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. உன் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, அத்தனை பாட்டிலையும் கழுவினது யாரு, மழையா என்று கேட்டாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

நம் வீட்டில் மட்டும் ஏன் தூக்குவாளியில் பால் வாங்குகிறோம் என்று சின்ன வயதில் கேட்பாயே, நான் பேச்சை மாற்றுவேன். காரணம் இதுதான். அம்மா அதே கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரிவில் இருந்தாள். என் மெஷின் வந்த மாதமே அந்தப் பெண்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் அட்டைப்பெட்டிப் பாலைத் தொட்டதில்லை. நானும் இத்தனை வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து எழுதினேன். விழாவில் இது எதற்கு என்று மேனேஜர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். மேடையில் அந்தப் பத்தியையும் சேர்த்தே வாசித்தேன், நாற்பது பெண்கள் என்று. கைதட்டல் கொஞ்சம்தான். விழாவுக்குக் கூட வந்திருந்த அம்மா, திரும்பும் வழியில், முப்பத்தெட்டு பேர் என்று திருத்தினாள்.

விழாவில் ஆளுக்கொரு பால்பெட்டி கொடுத்தார்கள். மறுநாள் காலை அவளுடையதை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தாள். திறக்கும் பக்கம் எதிரே இருக்க, ஒட்டிய பக்கத்தைப் போட்டுப் பிய்க்கிறாள். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெட்டி மெஷினை ஓட்டியவன் நான், சொல்ல வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. பாதிப் பால் மேஜையில் கொட்டியது. மீதியைக் குடித்துவிட்டுப் பரவாயில்லை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன்.

இருவரும் ஒற்றுமையாக நன்றாக இருங்கள், எங்கள் ஆசி என்றும் உண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் அம்மாவிடம் இதைக் கிளறாதே. இன்று காலை அவள் தூக்குவாளியை எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம், அவள் இஷ்டம்.

இப்படிக்கு,
மேஜை துடைத்த அப்பா