ஆன்செல்மின் கடைசிப் படைப்பு

வியன்னா,
16 மார்ச் 1957

அன்புள்ள ஸ்டெஃபிக்கு,

நீ டிசம்பரில் எழுதிய கடிதம் கிடைத்தது. பண்டிகைக் காலத்தில் மோன்டெவிடியோவில் வியர்த்துக் கொட்டுகிறது என்பதை இங்கே யாரும் நம்பவில்லை. நீயும் உன் வீட்டாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆன்செல்ம் ஜனவரி எட்டாம் தேதி காலமானார்.

காலை உணவின்போது, பத்திரிகை படித்துக்கொண்டே போய்விட்டார். கையிலிருந்த பத்திரிகை கீழே விழாததால் எனக்குச் சற்று நேரம் தெரியவில்லை. நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் தடவி முடித்தேன். அடக்கத்தில் ஐந்து பேர் பேசினார்கள். நாலு பேர் அவரைத் தங்கள் இசை ஆசான் என்றார்கள். ஐந்தாமவர் தவறான ஆளைப் பற்றிப் பேசினார் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தப் பேச்சுதான் நன்றாக இருந்தது. அழுகை வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. இனிமேல் வரும் என்கிறார் டாக்டர், தாமதமான தபாலைப் பற்றிச் சொல்வதுபோல.

உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியில் தகராறு செய்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த கேக்குகள் பதினொன்று. ஒன்பதைக் கீழ்வீட்டு நெமெட்செக் அம்மாவுக்குக் கொடுத்தேன். அந்த அம்மாள் இன்னும் இந்தக் கட்டடத்தின் காவல்காரிதான், இன்னும் எல்லோர் வீட்டுச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நான் முன்னைவிடவும் அதிகமாக ஆலோசகரம்மா. மன்னர் போய் முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அரசவை இல்லை, ஆனால் ஆன்செல்ம் மாதிரி அரசவை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனாலும் பட்டம் மனைவியிடம் தங்கிவிடுகிறது, சுவர்க்கடிகாரம் மாதிரி. இறைச்சிக்கடைக்காரர், "ஆலோசகரம்மா, ஒருத்தருக்குன்னாலும் கால் கிலோ வாங்கிக்கோங்க, பட்டத்துக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்கிறார். எனக்கு ஒட்டீலியே என்று ஒரு பெயர் இருப்பதைத் தபால்காரர் உன் உறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் டாக்டர் புர்க்ஸ்டாலர் வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. ஆன்செல்மின் மாணவர், இப்போது நினைவுக் குழுவின் செயலாளர். காகிதங்களை எல்லாம் ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார். இரண்டு நாள் அலமாரியைக் குடைந்தார். மூன்றாம் நாள், முகமெல்லாம் சிவந்து, ஒரு காகிதக் கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "ஆலோசகரம்மா, உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்க. ஐயா நமக்கு ஒரு பொக்கிஷத்தை விட்டுட்டுப் போயிருக்கார்" என்றார்.

அது நம்முடைய நால்வர் இசை, ஸ்டெஃபி, இரண்டு வயலினுக்கும் வியோலாவுக்கும் செல்லோவுக்கும் நான் எழுதியது. முப்பத்தேழாம் வருடம் நவம்பரில் இதே சமையலறையில், ஆன்செல்ம் காபிக் கடைக்குப் போயிருந்த இரண்டு மணி முதல் நாலு மணிக்குள், நீ, நான், எம்மி, லில்லி நால்வரும் ஒரே ஒரு முறை வாசித்த அதே இசை.

அது அவர் அலமாரிக்குள் எப்படிப் போனது என்றால், நான்தான் வைத்தேன். குண்டு விழத் தொடங்கியபோது அவருடைய காகிதங்களைப் பெட்டியில் போட்டு நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். மேஜைத் துணிகளுக்கு அடியில் இருந்த காகிதத்தை யாரும் நிலவறைக்குக் கொண்டுபோவதில்லை. அதனால் 'முடிவுறாதவை' என்று அவர் எழுதி வைத்துவிட்டுத் திறந்தே பார்க்காத உறைக்குள் அதைச் செருகினேன். பிழைத்துக்கொண்டது. இவ்வளவு நன்றாகப் பிழைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் உடனே சொன்னேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் வாயே திறக்கவில்லை என்று நீ நினைக்கக்கூடாது. "டாக்டர், இது நான் எழுதினது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாதா ஆலோசகரம்மா? உங்க கையெழுத்தை இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? முத்து முத்தா!" என்றார்.

இருபத்தேழு வருடம் அவருடைய ஒவ்வொரு படைப்பையும் சுத்தப் பிரதி எடுத்தவள் நான். ஆகவே என் கையெழுத்தில் இருப்பதெல்லாம் அவருடையது. அவர் கையெழுத்தில் இருந்திருந்தால்கூடச் சந்தேகத்துக்கு இடம் இருந்திருக்கும்.

"எழுதினதுன்னா, நகல் எடுத்ததைச் சொல்லலை. யோசிச்சது நான்" என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என் அருகே போட்டுக்கொண்டார். பிறகு மிக மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல, "முதல் வரைவு, குறிப்பு, ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. போர் முடிந்த குளிர்காலத்தில் எல்லோரும் எதையாவது எரித்தார்கள். அவருடைய காகிதங்கள் காப்பகத்துக்குரியவை. என்னுடையவை எரிந்தன. நன்றாகவே எரிந்தன, உருளைக்கிழங்கு வெந்தது. அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். முகப்பில் நாம் குடும்பப் பெயரை மட்டும் எழுதியது நினைவிருக்கிறதா? பெண் பெயரைப் பார்த்தால் வாசிக்கவே மாட்டார்கள் என்று எம்மிதான் சொன்னாள். அதையும் சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார். போகும்போது வாசலில் நெமெட்செக் அம்மாளிடம், "பாவம், ரொம்ப ஒட்டுதலா வாழ்ந்துட்டாங்க. எது அவர், எது தான்னு பிரிச்சுப் பார்க்க முடியலை. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நெமெட்செக் அம்மாள் அவரை விடவில்லையாம். எனக்கு அவளே வந்து சொன்னாள். "நான் சொன்னேன்மா, ஐயா வீட்ல இருந்தா ஒரு சத்தம், ஐயா வெளிய போனா வேற சத்தம். இருபது வருஷமா என் தலைக்கு மேல கேக்குறேன், எனக்குத் தெரியாதா? அந்த வெளிய போன சத்தம் அம்மாவோடதுன்னு சொன்னேன். அதுக்கு அந்த மனுஷன் என்ன சொல்றார் தெரியுமா? 'நீங்க சங்கீதம் படிச்சிருக்கீங்களா?'ங்கறார். நான் படியைத் துடைக்கிறவ, சங்கீதம் படிச்சா படியை யார் துடைப்பா?" என்றாள். இன்னொரு கேக்கையும் கொடுத்தேன்.

மற்றபடி சாட்சி யார்? எம்மி நுரையீரல் நோய் வந்து போய்விட்டாள். லில்லி மற்ற யூதர்களோடு ரயிலில் எங்கே கொண்டுபோகப்பட்டாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ தப்பித்துக் கடல் கடந்து இருக்கிறாய். நம்முடைய ரசிகர் கூட்டம் எப்போதுமே சிறியது.

நேற்று முன்தினம் நினைவுக் கச்சேரி. முதல் வரிசையில், நடுவில் எனக்கு இடம். பக்கத்தில் அமைச்சகத்திலிருந்து ஒருவர், இடைவேளை வரை தூங்கினார். நிகழ்ச்சித் தாளில் டாக்டர் புர்க்ஸ்டாலர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பிரதியில் தேதி இல்லாததால் இது கடைசிப் படைப்பாகிவிட்டது. தன் வாழ்வின் முடிவில் ஆசான் தன்னையே உதறிவிட்டுத் தன் சொந்தக் குரலைக் கண்டடைந்தாராம். இதுவரை அவரிடம் காணாத ஆண்மைத் துணிச்சலாம். அதை இருமுறை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

நன்றாக வாசித்தார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு கேட்டேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். செல்லோக்காரரின் இடது காலணியில் நாடா அவிழ்ந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பகுதியில், வியோலா தனியாக ஏறும் இடத்தில், அது வந்தது. நகல் எடுக்கும்போது நான் அரைச் சுரம் தள்ளி எழுதிவிட்ட இடம். சமையலறையில் நீ வாசித்ததும் நால்வரும் முகத்தைச் சுளித்தோம். நீ அடுப்புக்கரியால் உன் தாளில் திருத்திக்கொண்டாய். நாலு வாத்தியமும் சேர்ந்த முழுப் பிரதியில் திருத்த நான் மறந்துவிட்டேன், நாலு மணி ஆகிவிட்டிருந்தது. அந்தப் பிழையை அவர்கள் நால்வரும் மிகுந்த பக்தியோடு வாசித்தார்கள். நிகழ்ச்சித் தாளின் மூன்றாம் பக்கம் முழுக்க அந்த ஒரு சுரத்தைப் பற்றியதுதான்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். டாக்டர் புர்க்ஸ்டாலர் மேடையிலிருந்து என் பக்கம் கையை நீட்டினார். "எழுந்திரிங்க ஆலோசகரம்மா, ஐயாவுக்காக" என்று பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். எழுந்து குனிந்து வணங்கினேன். வெகு நேரம் தட்டினார்கள். உட்காரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அமைச்சகத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ரொட்டியும் முள்ளங்கியும் சாப்பிட்டேன். தூக்கம் நன்றாக வந்தது.

அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அச்சில் வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

வியோலா தாள் உன்னிடம் இருக்கிறதா, ஸ்டெஃபி? ஒரு பெட்டியும் வாத்தியமும் மட்டும்தான் கொண்டுபோக விட்டார்கள் என்று தெரியும். வாத்தியப் பெட்டியின் துணிக்கு அடியில் நீ எதையாவது வைத்திருப்பாயோ என்று பத்து நாளாக யோசிக்கிறேன். இல்லையென்றால் பரவாயில்லை, உன் உயிர் பத்திரமாகப் போனதே போதும். இருந்தால், அதில் தேதி இருக்கும், நால்வர் கையெழுத்தும் இருக்கும், அந்தத் திருத்தமும் இருக்கும்.

அதை இங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. டாக்டர் புர்க்ஸ்டாலர் அதைக் கண்ணீரோடு வாங்கி, அன்று மாலைக்குள் காப்பகத்தில் ஆன்செல்ம் பெயரில் சேர்த்துவிடுவார். உன்னிடமே இருக்கட்டும். மற்ற மூன்று தாள்களையும் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பிழையில்லாமல். ஈஸ்டருக்குள் வந்து சேரும். உன் தாள் தொலைந்திருந்தால் சொல், வியோலாவையும் எழுதி அனுப்புகிறேன். உன் ஊரில் வாத்தியம் வாசிப்பவர்கள் மூன்று பேர் கிடைக்காமலா போவார்கள்? யார் வீட்டிலாவது உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள். தொடங்குமுன் இது யாருடையது என்று அவர்களிடம் சொல்.

முடிந்த பிறகு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. நன்றாக இல்லை என்று சொன்னாலும் அப்படியே எழுது. அதைக்கூட என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

உன்னையும் உன் பிள்ளைகளையும் கடவுள் காக்கட்டும். வெயிலில் அலையாதே.

என்றும் உன்,
ஒட்டீலியே