சமையலறைப் பாறை

நவம்பர் 18
தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு இன்று 'பாறைகள் வானிலையாலழிதல்' பாடம். வெயிலும் மழையும் வேரும் சேர்ந்தால் கருங்கல்லும் உக்கி மண்ணாகும் என்றேன். வீட்டுக்கு வந்தால், எங்கள் சமையலறையின் பின்சுவரே பாறைதான். இடம் பற்றாமல், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டி அப்பா இழுத்துக் கட்டியது. அடுப்புச் சூட்டில் ஏடு ஏடாக உரிகிறது. விரலால் நோண்டினேன், மாவாகக் கொட்டியது. லயத்தில் மற்றவர்களும் இப்படியே கட்டியதால், பதினெட்டு வீட்டுக்கும் இதே பாறைதான் சுவர்.

நவம்பர் 20
அப்பாவிடம் சொன்னேன். மகள் சொல்லிப் பழனியாண்டி கேட்கிற ஆளா? "கல்லு எங்கம்மா உக்கும்? பாடம் எடுக்க ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று சிரித்தார்.

நவம்பர் 28
இரண்டு நாளாக விடாத மழை. கடைசி வீட்டில், லெட்சுமி அக்காவின் சமையலறைக்குள் பாறை விலகிச் சேறு வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. லயமே இப்போது எங்கள் பள்ளி மண்டபத்தில்.

டிசம்பர் 6
மண்சரிவைப் பார்க்க அதிகாரி வந்து பாறையைச் சுத்தியலால் தட்டினார். கணீரென்று கேட்கவில்லை, பொத்தென்றது. உள்ளே உக்கிப்போய்விட்டது, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். எங்கே போவது என்றேன். அது அவர் வேலை இல்லையாம். தோட்டத்து ஆபீசில் கேட்டால், வேறு வீடு கட்டக் காணியை அரசாங்கம்தான் தர வேண்டும் என்கிறார்கள். அரசாங்கத்தில் கேட்டால், காணி தோட்டத்துடையது என்கிறார்கள்.

டிசம்பர் 19
காணி கேட்டு அரசாங்கத்துக்கு மூன்றாவது கடிதம். பதில் இல்லை.

ஜனவரி 3
பள்ளி அதிபர் கூப்பிட்டார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறதாம், மண்டபம் காலியாக வேண்டுமாம். உங்கள் ஆட்கள்தானே, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். நானா? எந்த முகத்தோடு? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 4
சொல்லிவிட்டேன். பள்ளி திறக்கிறது, லயத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும். ஒருவரும் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.
லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரே போகலாம்னு சொல்லிட்டீங்க. அப்ப கல்லு கெட்டியாத்தான் இருக்கும். இத்தன நாளா சும்மா பயந்துகிட்டுக் கெடந்தோம்."
இல்லக்கா, கெட்டியா இல்லன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லிட்டு? எங்க போகச் சொல்லுவேன்?
முதலில் பாயைச் சுருட்டியவர் அப்பா.

ஜனவரி 5
காலையில் பதினெட்டு வீட்டிலும் புகை. லெட்சுமி அக்கா சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் அடுப்பு மூட்டியிருந்தார். பிளேன்டீ ஊற்றினார், உள்ளே வந்து குடிக்கச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. வாசலிலேயே நின்றால் அவருக்குத் தெரிந்துவிடுமே. உள்ளே போய் உட்கார்ந்து குடித்தேன்.