குருவிக் கட்டடத்துக்குப் போகும் நீல ஒயர்

ரினியின் அப்பாவுக்கு,

விரால் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். மார்த்தபுராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை வருவேன்.

சமையலறைச் சன்னலிலிருந்து, கூடுகளை எடுத்து விற்க நீங்கள் கட்டிய குருவிக் கட்டடத்துக்குப் போகும் நீல ஒயரைப் பிடுங்காதீர்கள். "அஞ்சு மீட்டர் தாண்டினா யூஎஸ்பி கேமரா செத்துடும், உனக்கென்னடி தெரியும்?" என்று சிரித்தீர்களே! இரண்டு முனையிலும் சின்னப் பெட்டி மாட்டி, நடுவில் நெட்வொர்க் கேபிள் போட்டிருக்கிறேன். நாற்பது மீட்டர். கட்டடத்துக்குள் அதன் முனையில் இருப்பது இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா. கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒவ்வொரு கூடும் பளிச்சென்று தெரியும். இனிமேல் கூடு எண்ணுகிறேன் என்று டார்ச்சோடு உள்ளே போய்ப் பறவைகளை மிரட்ட வேண்டாம்.

கேமராவை யார் மாட்டியது என்று கேட்பீர்கள். நான்தான். வியாழக்கிழமை நீங்கள் சந்தைக்குப் போனதும் உள்ளே போய், ஏணி போட்டு, என் கையால் மாட்டினேன். "பொம்பளை கால் வச்சா குருவி ஓடிடும்" என்று ஒன்பது வருஷமாக என்னை வாசலிலேயே நிறுத்தினீர்கள்.

கட்டடத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. தேடாதீர்கள்.

ருஸ்மினா

பி.கு.: அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான் முற்றத்தில் நின்று, "இங்க வந்து பாரு, இத்தனை குருவி என்னைக்கு வந்திருக்கு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.