ஸ்பாஞ்சு குடித்த மை

வெள்ளி, இரவு பத்து மணி.

தூக்கம் வரவில்லை. மருமகள் ரேவதி டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுத்தே மையைத் தீர்க்கிறாள் என்று மூன்று மாதமாகச் சத்தம் போட்டேன். இன்று காலை பிரிண்டர் அடியோடு நின்றுவிட்டது. பம்மல் ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து, அடியில் மையில் ஊறிக் கறுத்துக் கிடந்த ஸ்பாஞ்சைக் காட்டினார்.

“டெய்லி நைட்டு பிளக்க ஆஃப் பண்ணுவீங்களா சார்? ஒவ்வொரு தபா ஆன் பண்ணும்போதும் அது மைய ஊத்தித் தன்னத்தானே கழுவிக்கும். அத்தனையும் இங்கதான் கீது. இது ரொம்பிட்டா மிஷின் வேலை செய்யாது. கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிகிறான்.”

புது ஸ்பாஞ்சு வைத்துத் தந்தார்.

தினமும் சுவிட்சை அணைப்பவன் நான்தான். கரண்ட் மிச்சமாம்!

வீட்டுக்கு வந்து, “கம்பெனிக்காரன் ஏமாத்துறான்” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் ரேவதி, “இனிமே கேள்விய போர்டுலயே எழுதிப் போட்டுடறேன் மாமா” என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கூடத்தில் பிரிண்டரின் பச்சை விளக்கு எரிகிறது. இன்று சுவிட்சை அணைக்காமல் வந்துவிட்டேன். காலையில் ரேவதி ஏன் என்று கேட்பாள். கேட்டால் தேவலை.